மரமானவளும் மரமானவனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் சித்திரக் கலையைப் பற்றிப் பேசவேண்டும் எனச் சங்கத்தார் எனக்குப் பணித்தனர். சித்திரம் கண்ணுக்குரியது, அதனைக் காதுக்கு விருந்தாக்குவது எளிதன்று. ஆயினும் ஒரு வழி உண்டு. பழஞ்சித்திரம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கதை நிற்கிறது. கதையைக் கேட்பதற்குச் செவி போதும். ஆகவே, இத்தாலி நாட்டுச் சித்திரம் ஒன்றின் கதையையும், காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் தீட்டப்பெற்றுள்ள கதைகளையும், அவற்றோடு ஒத்து நோக்கத்தக்க நம் தமிழ்க் கதைகள் இரண்டையும் உங்கள்முன் வைக்க எண்ணுகிறேன். எல்லாக் கதைகளுக்கும் பொருள் ஒன்றே: காதலினால் நேரும் உருமாற்றம். கதைகளை எல்லாம் கேட்டபின் ஒரு வினாவுக்கு நாம் விடை காணவேண்டும். காதலுக்காக ஒருவர் மாறத்தான் வேண்டும் என்றால், மாறவேண்டியவர் யார்?

முதலில் இத்தாலிக்குச் செல்வோம். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நாட்டின் பிளாரன்ஸ் நகரம் செல்வத்தாலும் கலையாலும் சிறந்து விளங்கிற்று. கிரேக்கரும் உரோமரும் சொல்லிவைத்த பழங்கதைகளை அக்காலத்தார் மீண்டும் தேடி எடுத்துப் படித்தனர், பாட்டில் பாடினர், பலகையில் தீட்டினர். மணமகள் புகுந்த வீட்டிற்குக் கொண்டுசெல்லும் மரப்பெட்டியிற்கூட இத்தகைய கதைகளைச் சித்திரமாக எழுதுவிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. அக்காலத்தையே மறுமலர்ச்சிக் காலம் என்று சரித்திர ஆசிரியர் குறிப்பர்.

அந்நகரத்தில் போல்லையுவோலோ என்னும் குடும்பப் பெயர் கொண்ட சகோதரர் இருவர் இருந்தனர். மூத்தவர் அந்தோணியோ, இளையவர் பியேரோ. அவர்தம் பட்டறையில் 1470ஆம் ஆண்டிற்கும் 1480ஆம் ஆண்டிற்கும் இடையே உருவானதாகக் கருதப்படும் ஒரு சிறு சித்திரம் இன்று இலண்டன் மாநகரின் தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் அது அங்கு வந்து சேர்ந்தது. பெரிய சித்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். உயரம் 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; அகலம் 20 சென்டிமீட்டர். நம் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் நோட்டுப் புத்தகத்தின் அளவுதான். அந்தச் சிறிய பலகையில் ஓர் ஆற்றுச் சமவெளி விரிந்து கிடக்கிறது. முன்னே, விரைந்து ஓடிவந்த இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றிவிட்டான். பற்றிய அக்கணத்திலேயே அவளுடைய இரு கைகளும் இரண்டு பெரிய மரங்களாய்த் தழைத்து வானை நோக்கி எழுந்துவிட்டன. முகம் இன்னும் பெண்ணின் முகம். தோளுக்கு மேலே அடர்ந்த இலை.

இதன் கதை என்ன? ஓவிட் என்னும் உரோமப் புலவர் ஏறத்தாழக் கி.பி. 8ஆம் ஆண்டளவில் இயற்றி முடித்த 'உருமாற்றங்கள்' என்ற நூல் 15 பகுதிகளை உடையது. அதன் முதற்பகுதியில் இக்கதை வருகிறது. அப்போலோ என்பவன் ஒளிக்கும் இசைக்கும் உரிய தேவன், வில்லிற் சிறந்தவன். பெரும்பாம்பு ஒன்றைக் கொன்ற செருக்கினால், சிறு வில் ஏந்திய காதற்கடவுளை எள்ளி நகையாடினான். காதற்கடவுள் நம் மன்மதனைப் போன்றவன். அவன் அம்புகள் இரண்டை எடுத்தான். ஒன்று பொன்முனை உடையது. அது காதலை எழுப்பும். மற்றொன்று ஈயமுனை உடையது. அது காதலை வெறுக்கச் செய்யும். பொன்னம்பு அப்போலோவின் நெஞ்சில் பாய்ந்தது. ஈய அம்பு பெனியஸ் என்னும் ஆற்றுத் தேவனின் மகளாகிய டாப்னியின்மேல் பாய்ந்தது. அவன் துரத்தினான்; அவள் ஓடினாள். ஓடிக் களைத்தபோது தந்தையை நோக்கி, "என்னைக் காப்பாற்று, இந்த உருவத்தை மாற்றிவிடு" என்று வேண்டினாள். அவ்வாறே அவள் மார்பின்மேல் மரப்பட்டை படர்ந்தது, கூந்தல் இலையாயிற்று, கால் வேராயிற்று. டாப்னி ஒரு மரமானாள்.

அது என்ன மரம் என்று தாய்மார்கள் கேட்கலாம். நம் நாட்டில் அது இயல்பாக வளர்வதில்லை. ஆனால் அதன் இனத்தை நீங்கள் அறிவீர்கள். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மணக்கும் கருவாப்பட்டையும், பிரியாணிக்கு இடும் பிரிஞ்சி இலையும் அந்த மரத்தின் குடும்பத்தையே சேர்ந்தவை. மேனாட்டார் அம்மரத்தின் இலையைத் தொடுத்து வெற்றி வீரர்க்கும் புலவர்க்கும் மாலையாகச் சூட்டினர். நம் முன்னோர் வெற்றிக்கு வாகை சூடியது போன்றது என்க.

அவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஓவிட் சொல்கிறார். மரமாகிவிட்ட பின்னும் அப்போலோ அவளை விடவில்லை. மரப்பட்டையைத் தழுவினான். "நீ என் மனைவி ஆகாவிடினும் என் மரம் ஆவாய்" என்னும் கருத்துப்படப் பேசி, அவள் இலைகளைப் பறித்துத் தன் தலைக்கு முடியாக்கிக்கொண்டான். அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அவனை வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியின் உடம்பிலிருந்து பறித்தது அந்த மாலை. அவள் மறுப்பே அவனுக்கு வெற்றி மாலை ஆயிற்று! பிளாரன்ஸ் நகரத்து ஓவியர் மாலையைத் தீட்டவில்லை. அதற்கு முந்திய நொடியைத் தீட்டினார். அவன் கை அவளைப் பற்றியிருக்கிறது. அவள் கையோ அவனுக்கு எட்டாத உயரத்தில் இலையாகிவிட்டது. பிடித்தவனுக்கு ஒன்றும் கிட்டவில்லை என்பதை அந்தச் சிறு பலகை சொல்லாமற் சொல்கிறது.

இக்கதை தமிழ்நாட்டிற்கு வந்திருந்தால் நம் புலவர் அதற்கு என்ன பெயர் இட்டிருப்பர்? காதற்கதை என்று ஏற்றிருப்பரா? தொல்காப்பியம் அகவொழுக்கத்தை ஏழு திணையாக வகுக்கிறது. குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் என்னும் ஐந்தும் ஒருவனும் ஒருத்தியும் ஒத்த அன்பினராய் வாழும் ஒழுக்கம். அவற்றின் ஒரு புறத்தே கைக்கிளையும் மறுபுறத்தே பெருந்திணையும் நிற்கின்றன. கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். பெருந்திணை என்பது பொருந்தாக் காமம். நானிலத்தில் ஒன்றும் இவ்விரண்டிற்கும் உரியதாகச் சொல்லப்படவில்லை. மலையோ காடோ வயலோ கடலோ அவற்றுக்கு இல்லை. நிலம் இல்லாத காதல்கள் அவை. அப்போலோ எத்துணைப் பெரிய தேவனாயினும் நம் இலக்கணப்படி அவன் கைக்கிளைக்காரன்.

இன்னும் ஒன்று. நம் அகப்பாட்டில் தலைவிக்குத் தோழி என்று ஒருத்தி உண்டு. தலைவன் வந்தால் முதலில் அவளிடம் பேசவேண்டும். அவள் அவனை ஆராய்வாள், பலநாள் அலையவிடுவாள், "எம் தலைவி அரியள், நீ போய் வா" என்று தொலைவில் நிறுத்துவாள். அவன் நெஞ்சில் உள்ளது அன்பா, வெறும் வேட்கையா என்று அறிந்த பின்னரே வழிவிடுவாள். டாப்னிக்குத் தோழி இல்லை. காட்டில் அவள் தனியே ஓடினாள். உதவிக்கு வந்த தந்தையும் மகளைக் காப்பாற்ற மகளையே இழந்தான்.

தமிழிலும் ஒரு டாப்னி உண்டு. அவள் மணிமேகலை. மாதவி பெற்ற அந்த மகளைச் சோழன் மகனாகிய உதயகுமரன் பின்தொடர்கிறான். உவவனம் என்னும் பூஞ்சோலையில் அவன் தேர் வந்து நிற்கிறது. மணிமேகலை பளிக்கறைக்குள் புகுந்துகொள்கிறாள். பின்னர் மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவிற்கு எடுத்துச் சென்று மூன்று மந்திரங்களை அருளுகிறது. வேற்றுருக் கொள்ளவும், வான்வழி இயங்கவும், பசியை வெல்லவும் வல்ல மந்திரங்கள் அவை. அமுதசுரபியைப் பெற்றுப் புகார் நகரத்திற்குத் திரும்பியவளை இளவரசன் மீண்டும் தேடி வருகிறான். அப்போது அவள் காயசண்டிகை என்னும் வித்தியாதர மங்கையின் உருவை எடுத்துக்கொள்கிறாள்.

டாப்னியைப் போலவே இவளும் ஒரு ஆடவனின் வேட்கையிலிருந்து தப்புவதற்காக உரு மாறினாள். ஆனால் வேறுபாட்டைக் காணுங்கள். டாப்னி வாய் இழந்தாள், கால் இழந்தாள். மணிமேகலை எதனையும் இழக்கவில்லை. மாற்றுருவோடு சிறைக்கோட்டத்திற்குச் சென்று அங்கே பசித்துக் கிடந்தவர்க்கெல்லாம் சோறிட்டாள். மன்னன் மகிழ்ந்து, "வேண்டுவது யாது?" என வினவ, சிறையை அறக்கோட்டம் ஆக்கித் தருமாறு கேட்டுப் பெற்றாள். தன் உருவை மாற்றியவள் ஒரு சிறையின் உருவையே மாற்றிவிட்டாள்.

உதயகுமரன்பால் மணிமேகலையின் நெஞ்சமும் சென்றது. முற்பிறப்பில் அவன் அவள் கணவன். அவ்வாறிருக்க அவள் ஏன் மறுத்தாள் எனச் சிலர் வினவுவர். அங்கேதான் சாத்தனாரின் பெருமை விளங்குகிறது. நெஞ்சம் ஒருபால் செல்வது வேறு. வாழ்வை ஒருவர் தெரிந்தெடுப்பது வேறு. அவள் தெரிந்தெடுத்தது அறவாழ்வு. அந்தத் தெரிவை உதயகுமரன் மதிக்கவில்லை. அவளைப் பின்தொடர்ந்து இருளில் சென்றான். தன் மனைவி காயசண்டிகையோடு அயலான் ஒருவன் பழகுகிறான் எனப் பிழைபட எண்ணிய காஞ்சனன் என்னும் வித்தியாதரன் வாளால் அவனை வெட்டி வீழ்த்தினான். துரத்திய காதல் துரத்தியவனையே கொன்றது. பின்னாளில் மணிமேகலை இளந்துறவியாய் ஆண் உருக்கொண்டு சேரர் தலைநகராகிய வஞ்சிக்குச் சென்று பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்டறிந்தாள் என்கிறது காப்பியம். சேரநாட்டில் வந்து வாழும் நமக்கு அவள் வழியில் முன்னோடி எனலாம்.

இனி நாம் வாழும் இடத்திற்கு வருவோம். பிளாரன்ஸ் நகரத்தில் அச்சித்திரம் உருவான சில பத்தாண்டுகளுக்குள், 1500ஆம் ஆண்டின் இறுதியில், போர்த்துக்கீசியக் கப்பல்கள் கொச்சித் துறையை அடைந்தன. மிளகு ஏறிய அக்கப்பல்களில் மேனாட்டுச் சித்திரங்களும் வந்து இறங்கின. நம் தீவின் அன்னை ஆலயத்தில் பீடத்தின்மேல் விளங்கும் திருவுருவப் படம் 1524ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரால் கொண்டுவரப்பட்டது என்பது ஆலய வரலாறு. 1676ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆலயம் அழிந்தபோது காயலில் மிதந்த அப்படத்தைப் பாலியத்து வலிய அச்சன் மீட்டுத் தந்தார் என்பர். 1752ஆம் ஆண்டில் புயலில் தோணி கவிழ்ந்து, மூன்று நாள் கழித்து உயிரோடு மீண்ட மீனாட்சியம்மை என்னும் தாயும் அவள் குழந்தையும் அன்னையின் காலடியில் பின்னர்த் தீட்டிச் சேர்க்கப்பெற்றனர். கடல் கடந்து வந்த படமும் இந்த மண்ணின் பெண் ஒருத்தியை ஏற்றுத் தன் உருவில் மாறியது. வந்த இடத்தில் எப்படி வாழவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அதே நூற்றாண்டில், 1555ஆம் ஆண்டை ஒட்டி, போர்த்துக்கீசியர் மட்டாஞ்சேரியில் ஓர் அரண்மனை கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். பின்வந்த டச்சுக்காரர் 1663ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்னும் பெயர் நிலைத்தது. கட்டியவர் போர்த்துக்கீசியர், பெயர் டச்சுக்காரருடையது, நடுமுற்றத்திலே பழயனூர் பகவதி கோயில், சுவரிலே நம் புராணங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அவ்வரண்மனையை நம்மிற் பலர் வெளியூர் விருந்தினர் வந்தால் மட்டுமே போய்ப் பார்க்கிறோம்.

மேல்தளத்துப் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் விரிகிறது. தசரதன் வேள்வி முதல் சீதையோடு இராமன் அயோத்தி மீள்வது வரை அங்கே காணலாம். கீழ்த்தளத்து அறைகளில் சிவபெருமான், திருமால், தேவி ஆகியோரின் சித்திரங்களும், காளிதாசரின் குமாரசம்பவக் காட்சிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று கோட்டு வரைவோடு நின்றுவிட்டது, வண்ணம் தீட்டப்படவில்லை. இன்று போய் நின்றாலும் ஓவியர் இப்போதுதான் எழுந்து சென்றார் போலத் தோன்றும்.

பிளாரன்ஸ் ஓவியர் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் எழுதினார். கேரளத்து ஓவியர்க்குச் சுவரே பலகை. சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, அதன்மேல் சுண்ணாம்பை இளநீரில் கலந்து பலமுறை மெழுகி, நன்கு உலர்ந்த பின் எழுதத் தொடங்குவர். காவிக்கல்லில் சிவப்பும் மஞ்சளும் எடுத்தனர். அவுரியின் நீலத்தோடு மஞ்சட்பிசினைச் சேர்த்துப் பச்சை கண்டனர். விளக்குக் கரியில் கறுப்பு. வெள்ளைக்குச் சுவரின் வெண்மையே போதுமானது. பலகைச் சித்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாடு கடக்கலாம். சுவர்ச் சித்திரம் எங்கும் போகாது. அதனைக் காண நாம்தான் போகவேண்டும்.

அங்கே தீட்டப்பெற்றுள்ள குமாரசம்பவம் எதைச் சொல்கிறது? பிளாரன்ஸ் கதையைப் போலவே இதிலும் காதற்கடவுளின் அம்பு வருகிறது. தவத்தில் இருந்த சிவபெருமான்மேல் மலரம்பு தொடுக்க மன்மதன் வில்லை வளைத்தான். அப்போலோவின் கதையில் அம்பு வென்றது. இங்கே அம்பு தோற்றது. நெற்றிக்கண் திறந்தது, மன்மதன் சாம்பலானான். நம் தஞ்சைத் தரணியில் காமன் பண்டிகைக்கு இலாவணி பாடுவோர் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என இரு அணியாகப் பிரிந்து விடிய விடிய வாதிடுவார்களே, அந்தக் கதைதான். திருக்குறுக்கை வீரட்டத்தை அந்நிகழ்ச்சி நடந்த தலமாகப் போற்றுகிறோம்.

மன்மதன் எரிந்த பின் கதை முடிந்துவிடவில்லை; உண்மையான காதல் அப்போதுதான் தொடங்குகிறது என்கிறார் காளிதாசர். அழகினால் ஆகாததை அன்பினால் ஆக்குவேன் எனப் பார்வதி தவம் மேற்கொள்கிறாள். பட்டை நீக்கி மரவுரி உடுக்கிறாள். இது அவளே விரும்பி ஏற்ற மாற்றம். இறைவனும் மாறுகிறான். இளம் பிரமசாரியின் உருக்கொண்டு அவள் தவச்சாலைக்கு வருகிறான். வந்தவன் அவளைத் தொடவில்லை, துரத்தவில்லை. அமர்ந்து பேசுகிறான். "சாம்பல் பூசி, பாம்பு அணிந்து, சுடுகாட்டில் திரியும் அவனையா விரும்பினாய்?" என்று தன்னையே இழித்துரைக்கிறான். அவள் சினந்து மறுமொழி கூறுகிறாள். அவள் நெஞ்சத்தின் உறுதியை அவள் வாய்மொழியாகக் கேட்ட பின்னரே தன் உருவைக் காட்டுகிறான். அதன் பின்னும் உடனே கைப்பற்றிச் செல்லவில்லை. ஏழு முனிவரைப் பெண் கேட்க மலையரசனிடம் அனுப்புகிறான். தேவர்க்கெல்லாம் தேவன் ஒரு பெண்ணின் சொல்லுக்காகக் காத்திருக்கிறான்!

அதே கீழ்த்தளத்தில் வேறொரு சித்திரமும் நம் கருத்தைக் கவர்கிறது. திருமால் மோகினியாய் உருமாறிய கதையை அறிவீர்கள். சிவபெருமான் அம்மோகினியைத் தழுவ, அரியரபுத்திரர் தோன்றினார். நம் ஊர் எல்லைகளில் குதிரையோடு வீற்றிருக்கும் ஐயனார் அவரே. மாலையணிந்து சபரிமலைக்குச் சென்று நாம் தொழும் ஐயப்பனும் அவரே. அந்தத் தழுவலை எழுதிய ஓவியர் இருவரை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. வெள்ளை விடையின்மேல் அமர்ந்த பார்வதியையும் எழுதினார். அவள் அதனைப் பார்க்கிறாள், மனம் நோகிறாள். காமம் மிக்க காட்சி ஒன்றில் புண்பட்ட ஒரு பெண்ணின் முகத்திற்கும் இடம் அளித்த அந்த ஓவியரை என்னென்று புகழ்வது! காதல் இருவர் செயலேயாயினும், அதன் வெப்பம் அருகில் இருப்போர்மேலும் படும். அதை அவர் மறக்கவில்லை.

இறுதியாக, நம் குறிஞ்சி நிலத்துக் கதைக்கு வருவோம். தினைப்புனம் காக்கும் வள்ளியைக் காண முருகன் வேடனாய் வந்தான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் தந்தை நம்பிராசன் வேடர் கூட்டத்தோடு வந்துவிட்டான். முருகன் நினைத்திருந்தால் அக்கணமே வேடர் கூட்டத்தை வென்று அவளைக் கொண்டு சென்றிருக்கலாம். சூரனை வென்ற வேலவன் அல்லவா! அவன் என்ன செய்தான்? வேங்கை மரமாய் நின்றான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர் வியந்து, வெட்டிச் சாய்க்கவும் துணிந்தனர். நம்பிராசன் தடுத்து, "நம் மகளுக்கு நிழலாக நிற்கட்டும்" என்று சொல்லிச் சென்றான். கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாசாரியார் இதனைச் சுவைபடச் சொல்லியிருக்கிறார்.

அன்பர்களே! பிளாரன்ஸ் சித்திரத்தில் துரத்தப்பட்ட பெண் மரமானாள். வள்ளிமலையில் விரும்பி வந்த ஆண் மரமானான். அங்கே தேவனுக்கு முடியாவதற்கு ஒரு பெண் இலை இழந்தாள். இங்கே ஒரு பெண்ணுக்கு நிழலாவதற்குத் தேவனே வேர் ஊன்றினான். இரு மரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எத்துணைப் பெரிது! வேங்கை பூக்கும் காலமே மணம் செய்யும் காலம் என்பது குறிஞ்சி நிலத்தார் வழக்கம். அந்த வேங்கையை இங்குள்ள மலையாள மக்களும் 'வேங்ங' என்றே அழைக்கின்றனர்.

"பிற்பாடு முருகன் யானையை வரவழைத்து அவளை அச்சுறுத்தினானே, அது தகுமா?" என்று நம் பெண்மணிகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். வள்ளி முற்பிறப்பில் திருமாலின் மகளாய் முருகனையே கணவனாக வேண்டித் தவம் செய்தவள் என்று புராணம் முன்னரே சொல்லிவிடுகிறது. அவள் விருப்பம் கதையின் வேரிலேயே இருக்கிறது. ஆகவே யானை அங்கே திருவிளையாடல். அது மனிதர்க்கு வழிகாட்டி ஆகாது. நம் காலத்துத் துன்பம் என்னவெனில், இளைஞர் பலர் வேங்கை மரத்தை மறந்துவிட்டு யானையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றனர்.

இதனை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை வீதிதோறும் பின்தொடர்ந்து, பாட்டுப் பாடி, நண்பரைக் கூட்டி நகைத்து, இறுதியில் அவள் மனம் மாறுவதாகக் காட்டும் திரைப்படங்கள் நம் மொழியில் மிகப் பல வந்துள்ளன. அதனைக் காதல் என்று நம் பிள்ளைகள் கற்கின்றனர். ஈயமுனை அம்பு பாய்ந்த நெஞ்சம் பத்துமுறை கேட்டால் பொன்னாகும் என்று நம்புகின்றனர். நாட்டுச் சட்டம் அப்படி நம்பவில்லை. ஒரு பெண்ணை அவள் விருப்பமின்மையை அறிந்தும் பின்தொடர்வதை 2013ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் தனிக் குற்றமாக ஏற்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் அது 78ஆம் பிரிவாக விளங்குகிறது. கைக்கிளைக்கு நிலம் இல்லை எனத் தொல்காப்பியம் காட்டிய நெறி இன்று சட்டத்திலும் ஏறியிருக்கிறது.

சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. ஊரில் அத்தையும் சித்தியும் அண்டை வீட்டுப் பாட்டியும் தோழியின் இடத்தில் இருந்தனர். ஒரு பெண் தனக்கு நேர்ந்த தொல்லையை யாரிடமாவது சொல்லலாம். இங்கே, இந்தக் காலனியில், தாய் தந்தை இருவரும் வேலைக்குச் சென்றுவிட, பள்ளிக்கும் கல்லூரிக்கும் பாலம் கடந்து செல்லும் பெண் யாரிடம் சொல்வாள்? சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ, ஊருக்கு அனுப்பி அவசரமாக மணம் முடித்துவிடுவார்களோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பாளாயின், அவளும் மரமானவளே. மகளைக் காப்பதாக எண்ணி அவள் காலைக் கட்டும் தந்தை, டாப்னியின் தந்தை செய்ததையே செய்கிறான். துன்புறுத்தியவன் எப்போதும்போல் திரிய, துன்பப்பட்டவள் ஓரிடத்தில் வேரூன்றி நிற்கவேண்டும் என்பது எந்த நீதி?

ஆகையால் நம் சங்கத்தின் மகளிர் அணியினரை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். கோலப்போட்டியும் சமையற்போட்டியும் நடத்துங்கள், நன்று. அவற்றோடு, திங்களுக்கு ஒரு நாள் பெண்பிள்ளைகள் தம் மனத்தைத் திறந்து பேச ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். சொன்னதை வெளியே சொல்லாத, சொன்னவளைக் குறை கூறாத நாலு பேர் அங்கே இருந்தால் போதும். தோழி என்னும் பதவியைத் தமிழ் இலக்கியம் உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆண்மக்களைப் பெற்ற தந்தையரையும் வேண்டிக்கொள்கிறேன். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் முன் வேங்கை மரத்தின் கதையைச் சொல்லிக் கொடுங்கள். விரும்பியவளுக்கு நிழலாக நிற்கத் தெரியாதவனுக்கு, அவளை விரும்பினேன் என்று சொல்லும் உரிமை இல்லை என்பதை உணர்த்துங்கள்.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை இதுதான். மாறவேண்டியவர், விருப்பத்தை முதலில் கொண்டவரே. சிவபெருமான் மாறினான், முருகன் மாறினான், பார்வதி தன் விருப்பத்திற்காகத் தானே மாறினாள். விரும்பாத ஒருவரை மாறும்படி வற்புறுத்துவது காதலின்பாற் படாது.

வரும் விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மட்டாஞ்சேரி அரண்மனைக்குச் செல்லுங்கள். கீழ்த்தளத்து அறைகளையும் விடாமல் பாருங்கள். வண்ணம் பெறாது கோட்டோடு நிற்கும் அந்தச் சித்திரத்தின்முன் சற்று நேரம் நில்லுங்கள்.